நோயின் கனத்தை நிறுப்பவர் யார்?



"உங்களுக்கும் கொரோனா வந்ததா? கடுமையாகவா, லேசாகவா?" 2020, 2021ஆம் ஆண்டுகளில் கல்முனைச் சந்தையிலும், அக்கரைப்பற்று பஸ்ஸிலும், திருப்பலி முடிந்து கலையும் ஆலய முற்றத்திலும் நாம் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்ட கேள்வி இது. இன்றும் பேச்சு அந்த நாட்களை நோக்கித் திரும்பினால் அதே கேள்வி மறுபடி எழுகிறது. விடைகளும் நமக்குப் பழகியவையே. "மூன்று நாள் காய்ச்சல், அவ்வளவுதான்" என்பார் ஒருவர். "உடம்பெல்லாம் அடித்துப்போட்டது போல் இருந்தது, கிணற்றடிக்குப் போகச் சுவரைப் பிடிக்க வேண்டியதாயிற்று" என்பார் இன்னொருவர். "செத்துப் பிழைத்தேன்" என்பார் மூன்றாமவர்.

அவர் அப்பால் போனதும் நாம் தீர்ப்புக் கூறத் தொடங்குவோம். "அவருக்கு ஒட்சிசன்கூட வைக்கவில்லையே! சும்மா பெரிதுபடுத்துகிறார்."

சிறிய தீர்ப்புத்தான். ஆயினும் அதன் அடியில் பெரியதொரு கேள்வி மறைந்திருக்கிறது. ஒரு மனிதன் அனுபவித்த துன்பம் எவ்வளவு கடுமையானது என்று சொல்லும் உரிமை யாருக்கு உண்டு? துன்புற்றவனுக்கா, வைத்தியருக்கா, அருகே நின்று பார்த்த நமக்கா? இதைப் பற்றி இவ்வாரம் சற்று ஆறுதலாகச் சிந்திப்போம்.

முதலில் வைத்தியரின் அளவுகோலை எடுத்துக்கொள்வோம். விரலில் மாட்டும் ஒரு சிறு கருவி, இரத்தத்திலுள்ள ஒட்சிசனின் அளவைக் காட்டும். அது 90 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் நோய் கடுமையானது என்பது உலக சுகாதார ஸ்தாபனம் வகுத்த முறை. மூச்சு வாங்கும் வேகமும் மற்றும் சில அடையாளங்களும் அத்தோடு கணக்கில் எடுக்கப்படும். இந்த எல்லையைத் தாண்டாதவரின் நோய், காய்ச்சலும் வலியும் எவ்வளவு இருந்தபோதிலும், கடுமையற்றது என்றே பதிவேட்டில் எழுதப்படும். இதில் குற்றம் காண்பதற்கில்லை. 2021 ஆகஸ்ட் மாதத்தில் டெல்டா வகைக் கிருமி நாடெங்கும் பரவி, கட்டில்களும் ஒட்சிசனும் போதாமற் போன வேளையில், யாரை முதலில் காப்பாற்றுவது என்று தீர்மானிக்க இப்படியான அளவுகோல் இன்றியமையாததாயிற்று.

நோயாளியின் சொந்த உணர்வை மட்டும் நம்பியிருந்தால் பலர் இறந்திருப்பார்கள். இந்நோயில் வைத்தியர்களையே திகைக்க வைத்த விந்தை ஒன்று உண்டு. சிலருடைய இரத்தத்தில் ஒட்சிசன் மிகவும் குறைந்துபோயிருக்கும்; அவர்களோ எவ்விதத் திணறலுமின்றிக் கட்டிலில் அமர்ந்து தொலைபேசியில் வீட்டாருடன் பேசிக்கொண்டிருப்பார்கள். மூச்சு முட்டும் உணர்வைப் பெரிதும் எழுப்புவது இரத்தத்தில் சேரும் காபனீரொட்சைட்டு ஆகும். அது தடையின்றி வெளியேறிக்கொண்டிருந்தால், ஒட்சிசன் குறைவதை உடம்பு உடனே அறிவிப்பதில்லை. "எனக்கு ஒன்றுமில்லை" என்று சொன்னவர் சில மணி நேரத்தில் மரணத்தின் வாசலில் நின்றதற்குக் காரணம் இதுவே. தன் ஆபத்தின் அளவைத் தானே அறிவேன் என்று எந்த நோயாளியும் உறுதியாகக் கூற முடியாது.

ஆனால் இக்காசுக்கு மறுபக்கமும் உண்டு. மணம் தெரியாமற் போகிறது என்பதை முதலில் எடுத்துச் சொன்னவர்கள் நோயாளர்கள். 2020 ஏப்ரல், மே மாதங்களில்தான் அமெரிக்காவும் பிரித்தானியாவும் அதை அறிகுறிப் பட்டியலில் சேர்த்தன. நோய் நீங்கிய பின்னும் மாதக்கணக்கில் தொடரும் களைப்பையும் மறதியையும் மூச்சிளைப்பையும் பற்றி முறையிட்டவர்களும் அவர்களே. "லாங் கொவிட்" என்ற பெயரை 2020 மே மாதத்தில் வழங்கியவர் எலிசா பெரேகோ என்ற இத்தாலியத் தொல்லியல் ஆய்வாளர். அவரும் ஒரு நோயாளியே. உலக சுகாதார ஸ்தாபனம் இந்நிலைக்கு வரைவிலக்கணம் வகுத்தது 2021 அக்டோபரில். இடைப்பட்ட ஒன்றரை ஆண்டுக் காலம் எத்தனை பேர் "எல்லாம் உன் மனப்பிரமை" என்று வீட்டாராலும் அயலாராலும் ஒதுக்கப்பட்டிருப்பார்கள்!

எனக்கும் அந்நோய் வந்தது. ஐந்து நாள் காய்ச்சல், இருமல், பதிவேட்டின்படி லேசானது. ஆயினும் அதன்பின் பல வாரங்கள் பலிபீடத்தில் நின்று கிண்ணத்தை உயர்த்துகையில் திராட்சை இரசத்தின் மணமே தெரியவில்லை. கடற்கரையில் காயும் கருவாட்டின் வாடையும், மழை விழுந்த மண்ணின் வாசனையும் இல்லாத உலகம் எவ்வளவு அந்நியமாக இருக்கும் என்பதை அந்த நாட்களில் அறிந்தேன். இதை எந்தக் கருவியும் அளக்கவில்லை. அளக்க வேண்டிய அவசியமும் இல்லை.

ஆகவே வாசகரே, நாம் ஒன்றென மயங்கும் இரண்டு கேள்விகள் இங்கே உள்ளன. "இவர் எவ்வளவு ஆபத்தில் இருக்கிறார்?" என்பது முதலாவது. அதற்கு விடை சொல்ல வேண்டியது வைத்திய விஞ்ஞானம். "இவர் எவ்வளவு துன்பப்படுகிறார்?" என்பது இரண்டாவது. அதற்குச் சாட்சி சொல்லக்கூடியவர் துன்பப்படுபவர் ஒருவரே. முதலாவதன் விடையைக் கொண்டு இரண்டாவதற்குத் தீர்ப்புக் கூறும்போது அநீதி பிறக்கிறது.

இந்த அநீதி அம்பாறைக் கரையோரத்தில் எவ்வாறு விளைந்தது என்பதை நாம் கண்ணாரக் கண்டோம். 2020 ஏப்ரல் 11ஆம் திகதி வெளியான வர்த்தமானி அறிவித்தல், இந்நோயால் இறந்த அனைவரின் உடல்களும் எரிக்கப்பட வேண்டும் என்று கட்டளையிட்டது. அதே ஆண்டு நவம்பர் இறுதியில், பேலியகொடை மீன் சந்தையில் தொடங்கிய தொற்று அக்கரைப்பற்றை வந்தடைந்து நகரமே முடக்கப்பட்டது. நோய் நம் கரையோரத்து ஊர்களுக்குள் புகுந்தபோது, அந்தக் கட்டளையும் அதனோடு கூடவே வந்தது.

கத்தோலிக்கருக்கு இது என்ன பொருளைத் தந்தது? திருச்சபை 1963ஆம் ஆண்டிலேயே உடலை எரிப்பதன் மீதிருந்த தடையைத் தளர்த்தியது. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, அடக்கம் செய்யும் வழக்கத்தை வலியுறுத்திப் பரிந்துரைத்தாலும், கிறிஸ்தவப் போதனைக்கு மாறான காரணங்களுக்காகத் தெரிந்துகொள்ளப்பட்டாலன்றி எரிப்பதைத் தடுக்கவில்லை. எனவே நம்மில் ஒருவர் அந்த நாட்களில் நோயுற்றபோது மரணத்துக்கு அஞ்சினார். குடும்பத்தை நினைத்துக் கலங்கினார். அதற்கு மேல் இந்தக் கட்டளை அவருடைய ஆன்மாவை வதைத்ததில்லை.

அடுத்த கட்டிலில் கிடந்த முஸ்லிம் சகோதரரின் நிலை வேறு. இறந்தவரைக் குளிப்பாட்டி, கபனிட்டு, தொழுகை நடத்தி, மண்ணில் அடக்குவது ஊரார் அனைவர் மீதும் சுமத்தப்பட்ட கடமை. அதை ஒருவருமே நிறைவேற்றாவிடில் எல்லோரும் குற்றவாளிகள் என்பது அவர்களின் நம்பிக்கை. "பாதர், காய்ச்சல் பெரிசில்ல; மௌத்தானா என்ன செய்வாங்க எண்ட நினைப்புத்தான் நித்திரையைக் கெடுத்தது" என்று அறிமுகமான ஒரு வயோதிபர் பின்னர் என்னிடம் சொன்னார். அவருடைய ஒட்சிசன் ஒருநாளும் குறையவில்லை. பதிவேட்டில் அவர் லேசான நோயாளி. அதே கிருமி, அதே காய்ச்சல், அதே குளிசை. ஆனால் அவர் சுமந்த பாரம் வேறு.

13ஆம் நூற்றாண்டில் புனித தோமஸ் அக்குவினாஸ் இக்கேள்வியை ஆராய்ந்திருக்கிறார். புற வலி கொடியதா, உள்ளத்து வேதனை கொடியதா? உள்ளத்து வேதனையே கொடியது என்பது அவர் முடிவு. அதற்கு அவர் காட்டும் அடையாளங்களில் ஒன்று எளிமையானது: உள்வேதனையைத் தவிர்ப்பதற்காக மனிதன் உடல் வலியைத் தானே விரும்பி ஏற்றுக்கொள்கிறான் என்பது. இது எவ்வளவு உண்மை என்பதை நம் கரையோரம் கண்டது. வைத்தியசாலைக்குப் போனால், இறந்தால், எரிக்கப்படுவோம் என்று அஞ்சிப் பலர் பரிசோதனைக்கே செல்லத் தயங்கினர். கொத்தமல்லிக் குடிநீரும் ஆவி பிடித்தலுமாக வீட்டுக்குள்ளேயே நோயைச் சகித்தனர். "அறிவில்லாத சனம்" என்று நம்மவர் சிலர் பேசினார்கள். அது உள்ளத்து வேதனைக்கு அஞ்சி உடல் வேதனையைத் தெரிந்துகொண்ட செயல் என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை.

"பொதுமக்களின் ஆபத்துக்கு முன் தனிமனிதரின் மனவருத்தம் நிற்கலாமா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. புதைத்தால் உண்மையாகவே கிருமி பரவும் என்றிருந்தால், வேதனையோடு எரிப்பதை ஏற்கத்தான் வேண்டும். ஆனால் புதைக்கலாம், எரிக்கலாம், இரண்டுமே ஏற்புடையவை என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2020 மார்ச்சிலேயே வழிகாட்டியிருந்தது. நிலத்தடி நீர் மாசுபடும் என்று இங்கே கூறப்பட்ட காரணம் நிரூபிக்கப்படவில்லை. 2020 டிசம்பரில் பிறந்து 20 நாளே ஆன ஒரு சிசுவின் உடல், பெற்றோர் இணங்காத நிலையிலும் பொரளையில் எரிக்கப்பட்டது. அந்த மயானத்தின் கம்பிக் கதவில் மக்கள் வெள்ளைத் துணித் துண்டுகளைக் கட்டித் தங்கள் துயரத்தைத் தெரிவித்தனர்.

2021 பெப்ரவரி 3ஆம் திகதி பொத்துவிலில் தொடங்கிய நடைபவனி நம் கரையோரம் வழியாகப் பொலிகண்டி நோக்கிச் சென்றபோது, தமிழரின் கோரிக்கைகளோடு இந்த வேதனையும் சேர்த்துச் சொல்லப்பட்டது. முஸ்லிம் ஊர்களில் மக்கள் வீதிக்கு வந்து அதனோடு இணைந்தனர். அதே மாத இறுதியில் சட்டம் மாற்றப்பட்டது. மார்ச் 5 முதல் ஓட்டமாவடியில் அடக்கங்கள் நடைபெற்றன. கல்முனையிலோ சம்மாந்துறையிலோ இறந்தவரின் ஜனாஸா, ஊர் மையவாடியைக் கடந்து, மட்டக்களப்பையும் தாண்டிச் செல்ல வேண்டியிருந்தது. சொந்த ஊரில் அடக்கும் அனுமதி 2022 மார்ச்சில் கிடைத்தது. அதற்குள் 3,600க்கு மேற்பட்டோர் ஓட்டமாவடி மண்ணில் உறங்கினர். 2024 ஜூலையில் கட்டாயத் தகனத்துக்காக மன்னிப்புக் கோர அமைச்சரவை தீர்மானித்தது.

இவ்விடத்தில் நமக்கு நெருக்கமான ஓர் உண்மையையும் மறைக்காமல் பேச வேண்டும். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்பிலும் செபித்துக்கொண்டிருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். சில நாட்களில் சாய்ந்தமருதிலும் வெடியோசை கேட்டது. அந்தக் காயம் ஆறுமுன் கொரோனா வந்தது. ஆகையால் அயலவர் தம் வேதனையைச் சொன்னபோது, நம்மில் சிலரின் செவிகள் அடைத்திருந்தன. சிலர் செய்த கொடுமையை ஒரு சமூகத்தின் தலையில் ஏற்றி, அச்சமூகத்தின் கண்ணீரையும் சந்தேகித்தார்கள். ஆனால் சற்று எண்ணிப் பாருங்கள். 2019க்குப் பின் நாம் நாட்டிடமும் உலகத்திடமும் வேண்டி நின்றது என்ன? நம் துயரத்தை யாரும் குறைத்துப் பேசாமல், அரசியல் கணக்கில் சேர்க்காமல், நாம் சொல்வதை நம்ப வேண்டும் என்பதுதானே? நாம் கேட்டதைப் பிறருக்கு மறுக்க நமக்கு உரிமை ஏது?

யோபுவின் நண்பர்களை நினைவுகூருங்கள். அவர்கள் ஏழு நாள் அவரோடு தரையில் மௌனமாய் அமர்ந்திருந்தார்கள். அதுவரை நண்பர்களாகவே இருந்தார்கள். அவருடைய துன்பத்துக்கு விளக்கம் கூறவும், அளவு குறிக்கவும் வாய் திறந்தபின்தான் அவரை நோகடித்தார்கள். கெத்சமனித் தோட்டத்தில் ஆண்டவர் தம் வேதனை மரணமட்டும் பெரியது என்று சீடர்களிடம் வெளிப்படையாகவே சொன்னார். அவர் உடலில் அதுவரை ஒரு காயமும் இல்லை. எந்தப் பதிவேட்டிலும் எழுத முடியாத வேதனை அது. அவர்களோ உறங்கிவிட்டார்கள்.

மனிதர் மிகைப்படுத்திப் பேசுவதும் உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆனால் மிகைப்படுத்துகிறவரை நம்பியதால் நாம் இழப்பது சிறிது நேரம். உண்மையாய் வருந்துகிறவரை நம்பாததால் அவர் இழப்பது, தமக்கு ஓர் அயலவர் உண்டு என்ற நம்பிக்கையை. துயரத்துக்கு மருந்துகளை எண்ணிய புனித தோமஸ், கண்ணீரையும் உறக்கத்தையும் நீராடலையும் சொன்னதோடு, நண்பரின் பரிவையும் சேர்த்துக்கொண்டார். பாரத்தைப் பிறரும் சேர்ந்து தூக்குவது போன்ற எண்ணமும், தாம் நேசிக்கப்படுகிறோம் என்ற அறிவும் துயரத்தைத் தணிக்கும் என்பது அவர் விளக்கம்.

எனவே அன்பர்களே, இனி நோயிலிருந்து மீண்ட ஒருவரைக் கண்டால் "கடுமையா, லேசா?" என்று கேட்காதீர்கள். "எப்படி இருந்தது?" என்று கேட்டு, அவர் சொல்லி முடிக்கும் வரை இருங்கள். அவர் உங்கள் பங்கைச் சேர்ந்தவராயினும், மருதமுனையிலோ நிந்தவூரிலோ பள்ளிவாசலுக்குப் போகிறவராயினும் அப்படியே செய்யுங்கள். இறுதித் தீர்வை நாளைப் பற்றிச் சொன்ன ஆண்டவர், நோயுற்றிருந்த தம்மைப் பார்க்க வந்தவர்களைக் குறிப்பிட்டார். அந்த நோய் எவ்வளவு கடுமையானது என்று அவர் சொல்லவில்லை. பார்க்க வந்தவர்களும் கேட்டதாக எழுதப்படவில்லை.