உரமும் அறமும்

புருசெத்தில் நண்பர் ஒருவர், இரசாயன உரத்தை உலகமே உடனடியாகக் கைவிடவேண்டும் என்கிறார்.

1990களில், வெடிமருந்தாகும் என்று சொல்லி அரசு யாழ்ப்பாணத்துக்கு யூரியாவைத் தடுத்தது. எங்கள் தோட்டக்காரர் பூவரசங்குழை தாட்டு வெங்காயம் நட்டனர். அதை நாங்கள் இயற்கை விவசாயம் என்று கொண்டாடவில்லை.

2021இல் இலங்கை அரசு இரசாயன உர இறக்குமதியை முழுத்தீவுக்கும் ஒரேயடியாக நிறுத்தியது. நெல் விளைச்சல் சரிந்தது. நவம்பரில் அரசு பின்வாங்கியது.

காற்றிலுள்ள நைதரசனை உரமாக்கும் தொழிலை 1905இலேயே தொடங்கிய நோர்வேயில் இருந்துகொண்டு உரம் வேண்டாம் என்பது சுலபம்.

மண்ணைக் காப்பது அறம்தான். ஆனால் மண் தேறப் பல போகங்கள் வேண்டும். அதுவரை குறையும் விளைச்சலை எவர் வீட்டு அடுப்பு தாங்கும் என்பதற்குப் பதில் சொல்லாத அறம், வயிறு நிறைந்தவனின் அறமே.