அழைக்கப்படாதவர்களின் நகரம்

ஒரு நகரம் நிரம்பி வழிகிறது. பக்கத்திலேயே ஆளில்லாத பாலைவனம் கிடக்கிறது. அங்கே புதிதாக ஒரு நகரத்தைக் கட்டி, கூட்டத்தில் ஒரு பகுதியை அனுப்பிவிட்டால் என்ன? கணக்காகப் பார்த்தால் இதில் தப்பே இல்லை. எகிப்து இந்தக் கணக்கைக் கிட்டத்தட்ட 50 ஆண்டுகளாகப் போட்டுக்கொண்டிருக்கிறது. விடைதான் எதிர்பார்த்தபடி வரவில்லை. ஏன் வரவில்லை என்பதைப் பொறியியல் கேள்வியாகத்தான் முதலில் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க அது அறம் சார்ந்த கேள்வியாக மாறிக்கொண்டே போனது.

எகிப்தின் நிலப்பரப்பில் 90 விழுக்காட்டுக்கும் மேல் பாலைவனம். 2020இல் 10 கோடியைத் தாண்டிய மக்கள்தொகையில் ஏறக்குறைய எல்லோருமே நைல் நதியின் ஓரத்திலும் அதன் கழிமுகத்திலும் நெருக்கியடித்து வாழ்கிறார்கள். கெய்ரோ பெருநகரத்தில் மட்டும் 2 கோடிப் பேருக்கு மேல். வரைபடத்தைப் பார்க்கும் எந்த ஆட்சியாளருக்கும் அந்த மஞ்சள் வெற்றிடம் கையை உறுத்தத்தான் செய்யும்.

1973 போருக்குப் பிறகு அதிபர் அன்வர் சதாத் அந்த வெற்றிடத்தை நோக்கித் திரும்பினார். புது நகரங்கள் அறிவிக்கப்பட்டன. அவற்றை உருவாக்க 1979இல் தனிச்சட்டமும் தனி ஆணையமும் வந்தன. கெய்ரோவுக்குக் கிழக்கே 'ரமலான் 10', மேற்கே பிரமிடுகளைத் தாண்டி 'அக்டோபர் 6'. இரண்டும் ஒரே நாளின் பெயர்கள்தான், 1973 போர் தொடங்கிய நாள். ஒன்று இஸ்லாமிய நாள்காட்டிப்படி, மற்றது ஆங்கில நாள்காட்டிப்படி. பாலைவனத்தில் குடியேறுவதும் ஒரு படையெடுப்பு என்று சொல்லாமல் சொன்ன பெயர்கள்.

அக்டோபர் 6 நகரத்துக்கு அகலமான சாலைகள் போட்டார்கள். தொழிற்பேட்டை, குடியிருப்பு, பூங்கா எல்லாம் தனித்தனியாக வகுக்கப்பட்டன. நைல் தண்ணீரைக் குழாயில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். தொழிற்சாலைகளும் வந்தன. ஆட்கள்தான் வரவில்லை. நகரம் தொடங்கி சுமார் 27 ஆண்டுகள் கழித்து, 2006 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அங்கே இருந்தவர்கள் ஏறக்குறைய ஒன்றரை லட்சம் பேர். கெய்ரோ அளவுக்கு அது ஒரு பேட்டை. தொழிலாளர்களில் பலர் காலையில் பேருந்தில் வந்து வேலை செய்துவிட்டு, மாலையில் அதே நெரிசலுக்குத் திரும்பிப் போனார்கள்.

அதே காலத்தில் கெய்ரோவின் ஓரங்களில் வேறொரு நகரம், யாரும் திட்டமிடாமல், வளர்ந்துகொண்டிருந்தது. விளைநிலத்தைத் துண்டு துண்டாக வாங்கி, சட்டம் தடுத்தும் கேட்காமல், மக்கள் தாங்களே கட்டிய நகரம். கான்கிரீட் தூண்கள், நடுவில் பூசாத செங்கல். மொட்டைமாடியில் கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும். மகனுக்குக் கல்யாணம் ஆனால் மேலே ஒரு மாடி எழும்பும். அரபியில் இவற்றை 'அஷ்வாயியாத்' என்கிறார்கள். தாறுமாறானவை என்று அர்த்தம். நீண்டகாலம் கெய்ரோவில் பணிபுரிந்த நகரத் திட்டமிடலாளர் டேவிட் சிம்ஸ் தன் நூல்களில் காட்டுவது இதைத்தான்: மாநகரத்தின் மக்களில் பாதிக்கும் மேற்பட்டோரை ஏந்தியிருப்பது இந்தத் தாறுமாறுதான், பாலைவன நகரங்கள் அல்ல. 2017 கணக்கெடுப்பின்படி எகிப்து முழுவதும் ஒரு கோடிக்கும் அதிகமான வீடுகள் காலியாகவோ பூட்டியோ கிடந்தன. வீடில்லாத மனிதர்களும் ஆளில்லாத வீடுகளும் ஒரே நாட்டில்.

இதை வேலையிடத்தில் ஒரு நண்பனிடம் சொன்னபோது அவன் கேட்டான்: "அதான் வீடு இருக்கில்ல மச்சான், போய் இருக்க வேண்டியதுதானே? அப்புறம் என்ன?"

நியாயமான கேள்விதான். அதற்குள் ஒரு முன்முடிவு இருக்கிறது. நெரிசலில் வாழ்பவர்கள் வேறு வழி தெரியாமல் அங்கே இருக்கிறார்கள், நாம் வழி காட்டினால் போய்விடுவார்கள் என்ற முன்முடிவு. உண்மையில் அவர்கள் கணக்குப் போட்டுத்தான் அங்கே இருக்கிறார்கள். தெருமுனையில் இறங்கினால் மினிபேருந்து. மேல்மாடியில் அண்ணன் குடும்பம், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் உண்டு. கீழ்த்தளத்தில் ஒரு தையல் கடையோ பழுதுபார்க்கும் கடையோ வைக்கலாம். மளிகைக்காரர் கடன் கொடுப்பார். பணம் இல்லாதவருக்குப் பக்கத்தில் இருப்பதுதான் முதலீடு. குடியிருப்பு ஒரு பக்கம், கடை ஒரு பக்கம், தொழிற்பேட்டை ஒரு பக்கம் என்று பிரித்துக் கட்டிய நகரத்துக்கு அவரை அனுப்பினால், அந்த முதலீட்டைப் பிடுங்கிக்கொண்டு பதிலுக்கு ஒரு பால்கனியைக் கொடுக்கிறோம். நாம் நோய் என்று சொல்லும் நெரிசல் அவர்கள் செய்த தேர்வுகளின் கூட்டுத்தொகை.

என் தொழிலில் மனிதர்களை எண்ணும் முறை எனக்குத் தெரியும். மலேசியாவில் ஒரு தாமானுக்குக் கழிவுநீர்க் குழாய் வடிவமைக்கும்போது ஒரு வீட்டுக்கு 5 பேர், ஒருவருக்கு நாளைக்கு 225 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் தனியாக ஒரு பாட்டி இருந்தாலும் 5, மூன்று குடும்பங்கள் இருந்தாலும் 5. இதில் தவறு இல்லை. இப்படி எண்ணாமல் குழாயின் விட்டத்தை முடிவு செய்ய முடியாது. ஆனால் குழாய்க்குப் போதுமான எண் வாழ்க்கைக்கும் போதும் என்று நினைக்கும்போது சிக்கல் தொடங்குகிறது. 'இந்த நகரம் இத்தனை லட்சம் பேரை உள்வாங்கும்' என்று அறிக்கையில் எழுதும்போது, அந்த லட்சத்தில் யாரும் மறுத்துப் பேசுவதில்லை. எண்ணுக்கு வாய் கிடையாது.

இங்கே ஒரு எச்சரிக்கை. சேரியைக் கவிதையாக்குவது எங்கள் தலைமுறை எழுத்தாளர்களுக்கு எளிதாக வரும் பழக்கம். 'மக்கள் தாங்களே கட்டிக்கொள்வார்கள், விட்டுவிடுங்கள்' என்பதும் ஒருவகைக் கைகழுவல்தான். 2008 செப்டம்பரில் கெய்ரோவின் துவைக்கா பகுதியில் குன்றிலிருந்து பாறைகள் பெயர்ந்து வீடுகளின்மேல் விழுந்தன. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த இடத்திலேயே மக்களை இருக்கவிடுவது அவர்களுடைய தேர்வை மதிப்பதாகாது. சில இடங்களிலிருந்து மனிதர்களை அப்புறப்படுத்தத்தான் வேண்டும்.

ஆனால் எங்கே அனுப்பினார்கள்? இப்படி ஆபத்தான பகுதிகளிலிருந்து கிளப்பப்பட்ட பல குடும்பங்கள் அக்டோபர் 6 நகரத்தின் விளிம்பிலிருக்கும் மஸாகின் உஸ்மான் அடுக்குமாடிகளுக்குப் போனார்கள். பாறை தலையில் விழாது. அதுவரை செய்த வேலையோ முப்பது கிலோமீட்டருக்கு அப்பால். கூலியில் பெரும்பங்கு போக்குவரத்துக்கே போகும். பக்கத்துவீட்டுக்காரர் யாரென்று தெரியாது. உயிரைக் காப்பாற்றியாகிவிட்டது, பிழைப்பை அவர்களே பார்த்துக்கொள்ளட்டும் என்பதுதான் அந்த ஏற்பாட்டின் உள்ளர்த்தம். உயிரும் பிழைப்பும் வேறுவேறு என்று மாதச் சம்பளம் வாங்குபவர்களால் மட்டும்தான் நினைக்க முடியும்.

பாலைவனத்தில் நகரம் கட்டவே கூடாதா என்றால், அப்படியில்லை. 1905இல் எதுவார் அம்பேன் என்ற பெல்ஜிய முதலாளி கெய்ரோவுக்கு வடகிழக்கே பாலைவனத்தில் ஹீலியோபோலிஸைத் தொடங்கினார். அவர் புண்ணியம் தேடிக் கட்டவில்லை, லாபத்துக்காகத்தான் கட்டினார். நிலத்தோடு சேர்த்தே டிராம் பாதைக்கான உரிமையையும் வாங்கினார். போகவும் திரும்பவும் வழி இருந்ததால் அது இன்று கெய்ரோவின் உடம்போடு சேர்ந்த பகுதி. கெய்ரோ மெட்ரோவின் முதல் பாதை 1987இல் ஓடத் தொடங்கியது. அக்டோபர் 6 நகரத்தை மெட்ரோ இன்றுவரை எட்டவில்லை. லாபத்துக்குக் கட்டியவர் நினைவில் வைத்ததை, மக்களுக்காகக் கட்டுகிறோம் என்றவர்கள் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள்.

இப்போது கிழக்கே இன்னும் பெரிதாக ஒன்று எழுந்திருக்கிறது. 2015இல் அறிவிக்கப்பட்ட புதிய நிர்வாகத் தலைநகரம். கெய்ரோவிலிருந்து சுமார் 45 கிலோமீட்டர், சுமார் 700 சதுர கிலோமீட்டர் பரப்பு. அதைக் கட்டும் நிறுவனத்தில் பெரும்பங்கு ராணுவத்துடையது. ஏறத்தாழ 400 மீட்டர் உயரக் கோபுரம், மாபெரும் மசூதி, மாபெரும் தேவாலயம் எல்லாம் உண்டு. இம்முறை ரயிலை மறக்கவில்லை. 2022இல் மின்ரயில் ஓடத் தொடங்கியது. 2023இலிருந்து அமைச்சகங்கள் அங்கே மாறின. ஆனால் அமைச்சகத்தில் கோப்பு தூக்கும் ஊழியரின் சம்பளத்துக்கு அங்குள்ள வீட்டு விலை எட்டாது. கெய்ரோவின் நெரிசலைக் குறைப்பதற்காக என்று சொல்லப்பட்டது. நெரிசலிலிருந்து விடுபட்டது ஆள்பவர்கள். விட்டுப்போகும் வசதி உள்ளவர் போனபின், மிஞ்சும் நகரத்தின் மோசமான சாலையும் சாக்கடையும் யாருடைய கவலை?

நமக்கு இது தூரத்துக் கதை அல்ல. கோலாலம்பூரின் நெரிசலைக் காரணம் காட்டித்தான் புத்ராஜெயா கட்டப்பட்டது. 1999இல் பிரதமர் அலுவலகம் அங்கே போனது. அந்த நிலம் பாலைவனம் அல்ல, பிராங் பெசார் முதலிய தோட்டங்கள். ரப்பர் கன்று வகைகளில் 'பிபி' என்று தொடங்குபவை அந்தத் தோட்டத்தின் பெயரைத்தான் தாங்கியிருக்கின்றன. அங்கே பால்மரம் வெட்டிய தமிழ்க் குடும்பங்கள் டிங்கில் அடுக்குமாடிகளுக்கு மாற்றப்பட்டன. மரத்தின் பெயர் மிஞ்சியது. வரைபடத்தில் 'காலி' என்று எழுதப்படுவது பெரும்பாலும் அங்கே யாரும் இல்லை என்பதால் அல்ல. அங்கிருப்பவர் கணக்கில் இல்லை என்பதால்.

கெய்ரோவின் பழைய வரலாற்றில் ஒரு விஷயம் என்னை யோசிக்க வைத்தது. 969இல் ஃபாத்திமிட் படைத்தலைவர் ஜவ்ஹர் 'அல் காஹிரா'வை நிறுவியபோது அது மக்களுக்கான நகரமே இல்லை. கலீஃபாவுக்கும் அவருடைய படைக்கும் பரிவாரத்துக்கும் மதில் கட்டிய வளாகம். சாதாரண ஜனங்கள் தெற்கே ஃபுஸ்தாத்தில் வாழ்ந்தார்கள். 1171இல் ஃபாத்திமிட் ஆட்சி முடிந்த பிறகு, ஸலாஹுத்தீன் காலத்தில், அந்த வளாகம் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. அரண்மனை முற்றங்களில் கடைகளும் பட்டறைகளும் முளைத்தன. இன்று நெரிசல் என்று அதிகாரிகள் ஓடிப்போகும் கெய்ரோ, ஒருகாலத்தில் யாரையும் உள்ளே விடாத புதுத் தலைநகரமாக இருந்ததுதான்.

அக்டோபர் 6 நகரத்துக்கும் இப்படி ஒன்று நடந்தது. 2011க்குப் பிறகு போரிலிருந்து தப்பிவந்த சிரியர்கள் அங்கே குடியேறினார்கள். காலி வீடுகள் இருந்தன, வாடகை கட்டுப்படியானது. ஹுஸரி மசூதியைச் சுற்றி ஷவர்மா கடைகள், இனிப்புக் கடைகள், ரொட்டி அடுப்புகள் வந்தன. அந்த வட்டாரத்தைக் குட்டி டமாஸ்கஸ் என்றே சொல்லத் தொடங்கினார்கள். எந்தத் திட்ட அறிக்கையிலும் இந்த மனிதர்கள் இல்லை. யாருக்காகக் கட்டப்பட்டதோ அவர்கள் வராத தெருக்களில், யாரும் எதிர்பார்க்காதவர்கள் வந்து விளக்கேற்றினார்கள். அகதிகளின் துயரத்தை நகரத்தின் வெற்றியாக எழுதிவிடக் கூடாது. வாடகை ஏறினாலோ சட்டம் மாறினாலோ முதலில் கிளப்பப்படுவது அவர்கள்தான். ஆனாலும், வந்தவர் தன் கைத்தொழிலைத் தெருவில் விரிக்க முடிந்த இடத்தில்தான் அந்த நகரம் நகரமானது.

அதனால் நகரம் கட்டுவது சரியா தவறா என்று கேட்பதை விட்டுவிட்டேன். மூன்று கேள்விகள் போதும் என்று படுகிறது. அங்கே போகிறவர் மறுத்துச் சொல்ல முடியுமா? போனவர் நினைத்தால் திரும்பி வர, குறைந்த காசில், ஒரு வழி உண்டா? கணக்கில் இல்லாத ஒருவர் நாளைக்கு வந்து முனையில் ஓர் அடுப்பைப் பற்றவைத்தால், அந்த நகரம் அவரை என்ன செய்யும்? முதல் இரண்டுக்கும் வரைபடத்திலேயே பதில் தேடலாம், ஒரு பேருந்துத் தடத்தைக் கூடுதலாகப் போட்டு, ஒரு கூட்டத்தில் மக்களை உட்காரவைத்து. மூன்றாவதற்குக் குழாயின் விட்டத்தில் பதில் கிடையாது. இடம் விட மனசு வேண்டும். அந்த இடத்துக்கு எந்த வண்ணம் தீட்டுவது என்று எங்களுக்கு யாரும் இன்னும் சொல்லித்தரவில்லை.