ஆட்டத்தைப் பார்ப்பதும் ஆளை மதிப்பதும்

தொலைக்காட்சியில் விளையாட்டுப் பார்ப்பது தமிழ்நாட்டில் தனிமனிதரின் பொழுதுபோக்கோடு நின்றுவிடுவதில்லை. டீக்கடையிலும் அலுவலகத்திலும் கல்யாண வீட்டுப் பந்தலிலும் அறிமுகமில்லாத இருவர் பேசத் தொடங்க அது உதவுகிறது. "நேத்து மேட்ச் பாத்தீங்களா?" என்ற கேள்விக்கு முன்னுரை தேவையில்லை. ஆனால் "இல்லீங்க, நான் கிரிக்கெட் பாக்கறதில்ல" என்று பதில் வந்தால் பேச்சு பெரும்பாலும் அந்த இடத்திலேயே அறுந்துவிடுகிறது. பதில் சொன்னவர் அந்தக் கூட்டத்தின் ஓரத்துக்குப் போய்விடுகிறார்.

இங்கே இரண்டு அறக்கேள்விகள் எழுகின்றன. விளையாட்டில் நாட்டமில்லாத ஒருவர் பிறரோடு ஒட்டி வாழ்வதற்காகவேனும் அதைப் பார்த்தாக வேண்டுமா? விளையாட்டைப் பார்த்து மகிழ்கிறவர்கள் பார்க்காதவர்களிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும்? பொதுவாக முதல் கேள்வி மட்டுமே கேட்கப்படுகிறது. இரண்டையும் சேர்த்து எடைபோட்டால்தான் சரியான விடை கிடைக்கும்.

பொதுப் பேச்சாக ஆன விதம்

கிரிக்கெட் இந்தியாவில் முதலில் காதால் கேட்கும் விளையாட்டாகவே பரவியது. டிரான்சிஸ்டரைச் சுற்றிப் பத்துப்பேர் நின்று வர்ணனை கேட்டார்கள். அகில இந்திய வானொலியில் அப்துல் ஜப்பார் போன்றவர்கள் தமிழில் வர்ணித்தபோது, ஆங்கிலம் தெரியாதவர்களுக்கும் ஆட்டத்தின் நுட்பம் புரிந்தது. சென்னையில் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. 1982இல் டெல்லியில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியையொட்டி வண்ண ஒளிபரப்பு வந்தது. 1983 ஜூன் 25 அன்று லார்ட்ஸ் மைதானத்தில் இந்தியா 183 ரன்னுக்கு ஆட்டமிழந்தும், மேற்கிந்தியத் தீவுகளை 140 ரன்னில் சுருட்டி உலகக் கோப்பையை வென்றது. அந்த இறுதி ஆட்டத்தில் இரு அணிகளிலும் அதிக ரன் எடுத்தவர் சென்னையைச் சேர்ந்த ஸ்ரீகாந்த். அவர் எடுத்தது 38 ரன்.

அந்தக் காலத்தில் தொலைக்காட்சிப் பெட்டி தெருவுக்கு ஒன்றோ இரண்டோதான் இருந்தது. பெட்டி உள்ள வீட்டின் கூடத்திலும் சன்னலிலும் தெருவே திரண்டது. தென்கடலோர ஊர்களில் உயரமான ஆன்டெனா கட்டி இலங்கையின் ரூபவாஹினியைப் பார்த்தவர்களும் உண்டு. எல்லோரும் ஒரே காட்சியை ஒரே நேரத்தில் பார்த்ததால், மறுநாள் அதைப் பற்றி எல்லோரும் பேச முடிந்தது. பார்த்ததும் பேசியதும் ஒன்றாகவே வளர்ந்தன.

இந்தப் பொதுமை காக்கத்தக்கது என்பதை நாடாளுமன்றமே ஏற்றிருக்கிறது. 2007ஆம் ஆண்டின் விளையாட்டு ஒளிபரப்புச் சட்டப்படி, நாட்டுக்கு முக்கியமானவை என்று அறிவிக்கப்பட்ட போட்டிகளின் ஒளிபரப்பைத் தனியார் நிறுவனங்கள் பிரசார் பாரதியோடு பகிர்ந்துகொள்ள வேண்டும். கட்டணம் செலுத்த முடியாதவரும் பார்க்க வேண்டும் என்பது அதன் நோக்கம். பிரிட்டனிலும் 1996ஆம் ஆண்டின் ஒளிபரப்புச் சட்டம் சில போட்டிகளைப் பட்டியலிட்டு, அவை பணம் கட்டுவோருக்கு மட்டும் உரியவை ஆகிவிடாமல் தடுக்கிறது. ஒரு நாட்டு மக்கள் சேர்ந்து பார்க்கும் நிகழ்ச்சி அவர்களை இணைக்கிறது என்ற எண்ணமே இத்தகைய சட்டங்களுக்கு வலுச் சேர்க்கிறது.

பயனற்ற பேச்சா?

திருக்குறளின் அறத்துப்பாலில் 'பயனில சொல்லாமை' என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. கடைசி ஓவரை யாருக்குக் கொடுத்திருக்க வேண்டும், தோனி முன்னதாகவே இறங்கியிருக்கலாமா என்ற வாதங்களால் ஆட்டத்தின் முடிவு மாறப்போவதில்லை. பேசுபவருக்கோ கேட்பவருக்கோ கைமேல் பயனும் இல்லை. அப்படியானால் விளையாட்டுப் பேச்சு முழுவதையும் அந்த அதிகாரத்தின் கண்டனத்தில் அடக்கிவிடலாமா?

அடக்க முடியாது. பேச்சின் பயன் அதில் உள்ள செய்தியோடு முடிந்துவிடுவதில்லை. மானிடவியலாளர் மாலினோவ்ஸ்கி 1923இல் எழுதிய கட்டுரை ஒன்றில் இதை விளக்கினார். தகவல் தருவதற்காக இல்லாமல், அருகில் இருப்பவரோடு உறவை நிறுவவும் காக்கவும் மட்டுமே மனிதர்கள் பேசும் பேச்சு உண்டு என்றார் அவர். "சாப்பாடு ஆச்சா?" என்ற விசாரிப்பு அத்தகையது. வெயிலைப் பற்றிய புலம்பலும் அத்தகையதே. வள்ளுவரும் பயனற்ற சொல்லைக் கண்டித்த அதே அறத்துப்பாலில் இனிய சொல்லுக்குத் தனி அதிகாரம் வைத்திருக்கிறார். ஒருவரை மனம் இளகவைத்துப் பேசவைக்கும் சொல் பயனுள்ள சொல்தான்.

விளையாட்டுப் பேச்சுக்கு வேறு சில சிறப்புகளும் உண்டு. அது பதவியைக் கொஞ்ச நேரம் ஒதுக்கி வைக்கிறது. நிறுவன மேலாளரும் வாசல் காவலரும் சம்பளத்தைப் பற்றியோ சொந்தச் சாதியைப் பற்றியோ சமமாக நின்று பேசுவது அரிது. நேற்றைய ஆட்டத்தைப் பற்றி அவர்கள் சமமாகப் பேசலாம். காவலரின் கணிப்பு மேலாளரின் கணிப்பைவிடச் சரியாகவும் இருக்கலாம். பேச்சு வற்றிப்போன அப்பாவுக்கும் வளர்ந்த மகனுக்கும் நடுவில் ஸ்கோர் மட்டுமே மிஞ்சியிருக்கும் வீடுகள் உண்டு. அந்த ஒரு சொல்லும் இல்லாவிட்டால் அங்கே மௌனம்தான் இருக்கும். வெளிநாட்டில் குடியேறியவர் ஊரிலுள்ள நண்பரைத் தொலைபேசியில் அழைக்கவும் சென்னை அணியின் வெற்றி ஒரு காரணமாகிறது. இவற்றையெல்லாம் அற்பம் என்று தள்ளுவது மனித உறவு எப்படி உயிர் வாழ்கிறது என்பதை அறியாமையாகும்.

எதிர்வாதங்களின் எடை

தொலைக்காட்சி உறவைத் தின்கிறது என்பது எதிர்த்தரப்பின் முதல் வாதம். அமெரிக்க அரசியல் அறிஞர் ராபர்ட் பட்னம் 2000இல் வெளியிட்ட நூலில், மக்கள் சங்கங்களிலிருந்தும் கூட்டு விளையாட்டுகளிலிருந்தும் விலகி வீட்டுக்குள் ஒடுங்கியதற்குத் தொலைக்காட்சியும் ஒரு முக்கியக் காரணம் என்று வாதிட்டார். இது இங்கும் கவனிக்கத்தக்கது. தெருவே ஒரு பெட்டியின் முன் கூடிய காலம் போய்விட்டது. ஒரே வீட்டில் நான்கு பேர் நான்கு கைப்பேசிகளில் அதே ஆட்டத்தைப் பார்க்கிறார்கள். பார்ப்பது மட்டும் உறவு ஆகாது. பார்த்ததை இன்னொருவரோடு பகிரும்போதுதான் உறவு பிறக்கிறது.

இரண்டாவது வாதம் நேரத்தைப் பற்றியது. 2022 முதல் ஐ.பி.எல். பருவம் ஒன்றுக்கு 74 ஆட்டங்கள் என்று அமைந்தது. ஆட்டம் ஒன்றுக்கு ஏறக்குறைய மூன்றரை மணி நேரம் என்று கொண்டால், அனைத்தையும் பார்க்க 260 மணி நேரம் ஆகும். எட்டு மணி நேர வேலைநாளாகக் கணக்கிட்டால் இது ஒரு மாதத்து உழைப்புக்கும் மேல். விரும்பிப் பார்ப்பவருக்கு அது அவருடைய மகிழ்ச்சி. விருப்பமில்லாதவரிடம் உறவின் பெயரால் இத்தனை நேரத்தைக் கேட்பது நியாயமில்லை.

பேசுவதற்குப் பார்த்திருக்க வேண்டும் என்ற கட்டாயமும் உண்மையில் இல்லை. 1983 ஜூன் 18 அன்று டன்பிரிட்ஜ் வெல்ஸில் ஜிம்பாப்வேக்கு எதிராகக் கபில் தேவ் ஆட்டமிழக்காமல் 175 ரன் எடுத்தார். 17 ரன்னுக்கு ஐந்து விக்கெட் விழுந்த நிலையிலிருந்து அணியை மீட்ட ஆட்டம் அது. அதைத் தொலைக்காட்சி படம்பிடிக்கவில்லை. இந்தியாவில் தலைமுறை தலைமுறையாகப் பேசப்படும் அந்த ஆட்டத்தைப் பேசுபவர்களில் அநேகமாக ஒருவரும் கண்ணால் கண்டதில்லை. கண்டவர் சொல்லக் கேட்டும் படித்தும் அது எல்லோருக்கும் உரிய நினைவாயிற்று. கேட்கும் காது இருந்தால், பார்க்காதவரும் பேச்சில் பங்கு பெறலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

மூன்றாவது வாதம் பாசாங்கைப் பற்றியது. அலுவலகத்தில் ஒதுக்கப்படாமல் இருக்க, காலையில் செய்தித்தாளில் ஸ்கோரை மனப்பாடம் செய்துகொண்டு போகிறவர்கள் உண்டு. எதிரில் இருப்பவருக்குப் பிடித்தது எது என்று அறிந்துவைத்துக்கொள்வது மரியாதை. அதில் பொய் இல்லை. பார்க்காத ஆட்டத்தைப் பார்த்ததாகச் சொல்வதும், இல்லாத ஆர்வத்தை நடிப்பதும் வேறு. அந்த நடிப்பின்மேல் எழும் நட்பு நடிப்பவருக்கே சுமையாகிவிடும். பயன் கருதிய நட்பு, இன்பம் கருதிய நட்பு, குணம் கருதிய நட்பு என்று அரிஸ்டாட்டில் மூவகை சொன்னார். ஆட்டத்தால் பிறப்பது பெரும்பாலும் இரண்டாவது வகை. அது மூன்றாவதாக முதிர வேண்டுமானால், ஒருவர் தம் இயல்பை மறைக்காமல் இருந்தாக வேண்டும்.

பேச்சு சோதனையாகும்போது

விளையாட்டுப் பேச்சின் பெரிய அறக்கேடு அது ஆளை அளக்கும் கோலாக மாறும்போது நிகழ்கிறது. பிரிட்டிஷ் அரசியல்வாதி நார்மன் டெபிட் 1990இல், குடியேறிய ஆசியர்கள் கிரிக்கெட்டில் எந்த நாட்டுக்குக் கைதட்டுகிறார்கள் என்று பார்த்தால் அவர்களுடைய விசுவாசம் தெரியும் என்ற பொருளில் பேசினார். பிறந்த மண்ணின் அணிமேல் வைத்த அன்பு, வாழும் நாட்டுக்குச் செய்யும் துரோகம் ஆகிவிடாது. ஆனாலும் அந்தச் சிந்தனை எல்லா நாடுகளிலும் தலைகாட்டுகிறது. 2021 அக்டோபரில் உலகக் கோப்பை ஆட்டமொன்றில் பாகிஸ்தானிடம் இந்தியா தோற்றபோது, பந்துவீச்சாளர் முகமது ஷமி அவருடைய மதத்தைச் சொல்லி இணையத்தில் வசைபாடப்பட்டார். பாகிஸ்தான் வெற்றியைக் கொண்டாடியதாகக் குற்றம் சாட்டி ஆக்ராவில் காஷ்மீர் மாணவர்கள் கைது செய்யப்பட்டனர். பல மாதங்கள் சிறையில் இருந்த பிறகே அவர்களுக்குப் பிணை கிடைத்தது. மகிழ்ச்சிக்கான ஓர் ஆட்டம் இப்படித் தேர்வுத்தாளாக மாறினால், அது இணைப்பதைவிடப் பிரிப்பது அதிகமாகிவிடும்.

பார்க்கச் சொல்லும் கட்டாயத்தைப் போலவே, பார்க்காதே என்ற கட்டாயமும் உண்டு. 2018 ஏப்ரலில் காவிரி மேலாண்மை வாரியம் கோரித் தமிழ்நாடு போராடியபோது, சென்னையில் ஐ.பி.எல். நடக்கக் கூடாது என்ற கோரிக்கை எழுந்தது. உழவர் துயரத்தில் இருக்கையில் ஒரு கொண்டாட்டத்தைத் தள்ளிவைக்கக் கேட்பது அறம் சார்ந்த வேண்டுகோள்தான். ஆனால் மஞ்சள் பனியன் அணிந்து வந்த ரசிகர்கள் சிலர் வழியில் தாக்கப்பட்டது அந்த வேண்டுகோளுக்கே இழுக்கு. மீதமிருந்த சென்னை ஆட்டங்கள் புனேவுக்கு மாற்றப்பட்டன.

இவற்றுக்கு மாறான முன்மாதிரியும் சென்னையிலேயே இருக்கிறது. 1999 ஜனவரி 31 அன்று சேப்பாக்கத்தில் 271 ரன் இலக்கைத் துரத்திய இந்தியா 258இல் ஆட்டமிழந்து, 12 ரன் வித்தியாசத்தில் பாகிஸ்தானிடம் தோற்றது. முதுகுவலியோடு 136 ரன் எடுத்த சச்சின் டெண்டுல்கரின் உழைப்பும் வீணாயிற்று. மனம் உடைந்திருந்த கூட்டம் எழுந்து நின்று, மைதானத்தைச் சுற்றிவந்த பாகிஸ்தான் அணிக்குக் கைதட்டியது. தம் அணியை நேசிப்பதற்கு அடுத்தவரை வெறுக்க வேண்டியதில்லை என்று அந்தக் கூட்டம் செய்து காட்டியது.

சத்தமில்லாத விலக்கல் அன்றாடம் நடக்கிறது. ஆண்கள் கிரிக்கெட் பேசும் அலுவலகக் கூடத்தில் பெண்கள் பலர் கேட்பவர்களாகவே நிறுத்தப்படுகிறார்கள். பேசுகிறவர்கள் பெரும்பாலும் வேண்டுமென்று அப்படிச் செய்வதில்லை. ஆனால் வேலை பற்றிய முடிவுகளும் அந்தப் பேச்சினூடே எடுக்கப்பட்டால் தீங்கு உண்மையாகிறது. 2025 நவம்பர் 2 அன்று இந்தியப் பெண்கள் அணி தென்னாப்பிரிக்காவை வென்று முதன்முறையாக உலகக் கோப்பையைக் கைப்பற்றியது. அந்த ஆட்டத்துக்கும் ஆண்கள் ஆட்டத்துக்கு இணையான இடம் பேச்சில் கிடைத்தால், வட்டம் தானாகவே விரியும்.

இருபக்கக் கடமைகள்

பார்ப்பவரின் பொறுப்பு பெரிது. பெரும்பான்மையின் பேச்சு அவருடையது என்பதே காரணம். கூட்டத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று கவனித்துப் பேசுவதும், தெரியாமல் கேட்பவருக்கு ஏளனமின்றி விளக்குவதும், பார்க்காதவர் வாய் திறக்கும்படி பேச்சை இடையில் மாற்றுவதும் அவர் செய்யக்கூடியவை. ஒருவருடைய நாட்டுப்பற்றையோ திறமையையோ அவர் பார்க்கும் ஆட்டத்தைக் கொண்டு கணிக்கவே கூடாது.

பார்க்காதவருக்கும் கடமை உண்டு. கிரிக்கெட் பார்ப்பவர்கள் வீணர்கள் என்ற இளக்காரம் அறிவுக்கு அடையாளம் ஆகாது. அதுவும் ஒரு வகை விலக்கல்தான். கூட வேலை செய்பவரின் முகம் ஒரு வெற்றியால் மலர்ந்திருக்கும்போது, "என்ன ஆச்சு, சொல்லுங்க" என்று கேட்க ஒரு நிமிடம் போதும். அந்தக் கேள்வி மெய்யாகவே கேட்கப்பட்டால், 260 மணி நேரம் பார்த்ததைவிட அது உறவை வளர்க்கும்.

ஆக, தொலைக்காட்சி விளையாட்டு பேச்சுக்கும் பழக்கத்துக்கும் உதவும் நல்ல சாதனம். அதன் மதிப்பைக் குறைக்க வேண்டியதில்லை. ஆனால் அதைப் பார்ப்பது யாருக்கும் கடமை ஆகாது. பார்க்காமை யாருக்கும் குறை ஆகாது. எதிரில் இருப்பவரின் மகிழ்ச்சிக்குக் காது கொடுப்பதும், நம் மகிழ்ச்சியில் அவருக்கு இடம் கொடுப்பதும் எல்லோருக்கும் உரிய கடமைகள். ஆட்டம் தெரிந்தவர் சொல்லட்டும், தெரியாதவர் கேட்கட்டும். அடுத்த பேச்சில் இருவரும் இடம் மாறிக்கொள்ளட்டும்.