வருமானம் என்கிற கட்டம்

"தம்பி, ‘ஆண்டு வருமானம்’னு போட்டுக்கீதே, இன்னா எழுதறது?"

பழவேற்காட்டில் ஓர் அக்கா மகளிர் உரிமைத் தொகை விண்ணப்பத்தை என்னிடம் நீட்டினார். மாதம் 1,000 ரூபாய். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். அந்த வீட்டில் அதெல்லாம் தாண்டவே தாண்டாது. ஆனால் அக்காவுக்கு உண்மையான எண் வேண்டும்.

அங்கே ஏரியில் இறாலுக்கு வலை கட்டுவது பாடு முறைப்படி. எந்த நாள், எந்த இடம், யாருக்கு என்று ஊரே முறைவைத்துப் பிரிக்கும். முகத்துவாரம் மண்மூடிக் கிடந்தால் முறை வந்தும் பிரயோஜனமில்லை. இதை எந்த எண்ணாக எழுதுவது? மாதச் சம்பளக்காரன் யோசித்து வைத்த கட்டம் அது.

"தோராயமா போடலாம்க்கா."

"அப்புறம் அது பொய்யாயிடாதா?"

சுருக்கென்றது. பழைய வரிமுறையில் இருந்தபோது அப்பா பெயரில் வாடகை ரசீது எழுதி வரியைக் குறைத்தவன் நான். அப்பாவுக்கு ஒரு பைசா வாடகை கொடுத்ததில்லை. ஆபீஸில் அதற்கு ‘டாக்ஸ் பிளானிங்’ என்று பெயர்.

இப்போது அந்தச் சிரமமும் இல்லை. 2025-26 முதல் புதிய முறையில் 12.75 லட்சம் வரை சம்பளத்துக்கு வரி கிடையாது; 60,000 ரூபாய் வரை தள்ளுபடி. ஏப்ரல் 15 தொடங்கி 61 நாள் மீன்பிடித் தடைக்கு மீனவக் குடும்பத்துக்குக் கிடைப்பது 8,000. நாளுக்கு 131 ரூபாய். அது ‘நிவாரணம்’, என்னுடையது ‘தள்ளுபடி’. கஜானாவுக்கு இரண்டும் ஒரே கணக்குதான். கூச்சப்படுவது மட்டும் அவர்கள்.

"பென்சில்ல எழுது தம்பி. வூட்டுக்காரர கேட்டுட்டு பேனால எழுதிக்கிறேன்."