உடலை அறிதலும் உயிரை மதித்தலும்

மருத்துவத்தோடு இணைந்த தொழில்களிற் புகுவோர் தொடக்கத்திலே கற்பவை உடலின் அமைப்பைக் கூறும் உடற்கூற்றியலும், அவ்வமைப்பு இயங்கும் முறையைக் கூறும் உடற்றொழிலியலும் ஆகும். தாதியர், இயன்மருத்துவர், கதிர்ப்படப்பிடிப்பாளர், ஆய்வுகூடத் தொழினுட்பவியலாளர் ஆகிய அனைவருக்கும் இவையே அடித்தளம். 206 என்புகளின் பெயர்களை மனனஞ் செய்து, பரீட்சை முடிந்ததும் மறந்துவிடுவோரும் உளர். இக்கல்வியைக் குறித்து ஓர் அறவினா எழுதல் இயல்பே. மனிதனை என்பாகவும் தசையாகவும் நரம்பாகவும் பகுத்துப் பார்க்கப் பழகிய கண், அவனை முழுமனிதனாகக் காணும் ஆற்றலை இழந்துவிடாதா?

இவ்வச்சம் ஆதாரமற்றதன்று. 1543இல் வெசாலியசு வெளியிட்ட நூல், மனித உடலை நேரிற் கண்டு எழுதப்பட்டமையால், பழைய பிழைகள் பலவற்றைத் திருத்திற்று. அவர் ஆராய்ந்த உடல்களுட் பல மரணதண்டனை பெற்றோருடையவை. 1828இல் எடின்பரோ நகரில் பேர்க், ஹெயர் என்னும் இருவர் 16 பேரைக் கொன்று, அவர்தம் உடல்களை உடற்கூற்று ஆசிரியர் ஒருவருக்கு விற்றமை வெளிப்பட்டது. 1832இல் பிரித்தானியாவில் இயற்றப்பட்ட சட்டம், உரிமைகோரப்படாத உடல்களைக் கல்விக்கு அளிக்க வழிசெய்தது. அவ்வாறு சென்றவை பெரும்பாலும் வறியோர் விடுதிகளிலே இறந்தோரின் உடல்கள். வாழ்நாளில் மருத்துவரை நாட வசதியற்றிருந்தோர், இறந்தபின் மருத்துவத்துக்கு ஆசிரியராயினர். இன்று தாமே விரும்பித் தம் உடலை அளிப்போர் பலர் உளர். எனினும் பாடநூற் படங்களுக்குப் பின்னால் பெயரறியாத எத்தனையோ மனிதர் இருக்கின்றனர். எனவே கற்போர் யாவரும் கடன்பட்டோரே.

அக்கடனைத் தீர்ப்பது எங்ஙனம்? இரக்க உணர்வு ஒன்றே போதும் என்பது பொருந்தாது. பிட்டத் தசையில் ஊசிமருந்து ஏற்றுவோர் அதன் மேற்புற வெளிப்பகுதியையே தெரிந்தெடுக்குமாறு பயிற்றப்படுவர். காலுக்குச் செல்லும் பெருநரம்பு ஏனைய பகுதியின் ஊடாகச் செல்வதே அதற்குக் காரணம். அந்நரம்பு ஊறுபடின் நோயாளியின் பாதம் நிரந்தரமாக வலுவிழக்கவுங்கூடும். அதன் பாதையை அறியாத கை, எத்துணை அன்புடையதாயினும், அன்பற்ற கையைப் போன்றே தீங்கு செய்யும்.

இன்னோர் எடுத்துக்காட்டு. படுத்த படுக்கையாய்க் கிடப்பவரை வேளை தவறாது புரட்டிக் கிடத்துதல் சலிப்பூட்டும் வேலை. உடலின் பாரம் என்புக்கும் படுக்கைக்கும் இடையே தோலை அழுத்த, மயிர்த்துளைக்குழாய்களிற் குருதியோட்டம் தடைப்படும். ஒட்சிசன் பெறாத இழையம் இறந்து புண்ணாகும். இதனை விளங்கிக்கொண்டவருக்கு அவ்வேலை வெறுங் கட்டளையன்று. மேற்பார்வை இல்லாத நள்ளிரவிலும் அவரை எழுப்பி நோயாளியின் பக்கலிற் கொண்டு சேர்ப்பது அவ்விளக்கமே. அறிந்தும் செய்யாதார் உளர் என்பது மெய்யே. அறிவு மாத்திரம் ஒருவரை அறவோராக்கிவிடாது. ஆயினும் அறியாமையோடு கூடிய நல்லெண்ணம் நோயாளிக்குப் பயன்படுவதில்லை.

ஆதலின் உள்ளத்தை மரக்கச் செய்வது பகுத்தறிதல் அன்று. பகுத்ததோடு நின்றுவிடுதலே ஆகும். உடற்கூற்றியல் பகுத்ததை உடற்றொழிலியல் தொகுக்கின்றது. சிறுநீரகம் பழுதுறின் குருதியமுக்கம் உயரும். அதன் சுமையை இதயம் தாங்கும். ஓர் உறுப்பின் துன்பம் உடல் முழுவதன் துன்பமாதலைக் காட்டும் கல்வி, கட்டிலின் இலக்கத்தாலும் நோயின் பெயராலும் மனிதரைக் குறிக்கும் வழக்கத்தை ஏற்க இயலாது. இவ்வழக்கம் விடுதிகளில் நிலவுமாயின், குறை பாடத்தினது அன்று. பாடத்தைப் பாதியிலே நிறுத்தியோரது.

கடனைத் தீர்த்தலில் மொழிக்கும் பங்குண்டு. 19ஆம் நூற்றாண்டில் மானிப்பாயில் மருத்துவப் பணியாற்றிய சாமுவேல் கிறீன், தம் மாணவருக்காக உடற்கூற்று நூலைத் தமிழாக்கியமை ஈண்டு நினைக்கத்தக்கது. மாணவர் தம் மொழியிற் கற்ற உடலை நோயாளிக்கும் அம்மொழியிலேயே விளக்க முடியும். தம் உடலில் நிகழ்வது யாதென அறியும் உரிமை, அவ்வுடலை உடையவருக்கே முதலில் உண்டு.

பரீட்சைக்கு முந்திய இரவில் நரம்பொன்றின் பாதையை மனனஞ் செய்யும் மாணவர், அதனைப் புள்ளிகளுக்குரிய விடையாகவே கருதலாம். அப்பாதை என்றோ ஒருநாள் அவர்தம் கையின் கீழ், முன்பின் அறியாத ஒருவரின் உடலிலே செல்லும். அவ்வொருவர் மீண்டும் எழுந்து நடப்பதும் நடவாதிருப்பதும் அவ்விரவின் கல்வியைப் பொறுத்தனவாதல் கூடும்.