மறைத்தலும் நிறுத்தலும்

நற்காட்சியின் உறுப்புகள் எட்டனுள் உபகூஹனமும் ஸ்திதிகரணமும் அடுத்தடுத்து வைக்கப்பட்டிருப்பதன் பொருளை, பிள்ளைகளுக்குப் பலமுறை பாடமாகச் சொல்லியிருந்தும், நாம் எழுபது வயதைக் கடந்த பின்னரே உணர்ந்தோம். அறியாதவராலும் ஆற்றலற்றவராலும் நன்னெறிக்கு நேரும் பழியைத் துடைப்பது முன்னது. நெறியினின்று தளர்ந்தவரை அன்போடு மீண்டும் நிலைநிறுத்துவது பின்னது. நம் இல்லத்தில் ஒருவர் குடிக்கு ஆட்பட்டால் இவ்விரண்டும் எவ்வாறு இணைந்து நிற்கும் என்பதே இங்கு நாம் எழுப்பும் வினா.

"நம்மவரில் அப்படியும் உண்டோ?" என வியப்பவர் நற்பேறு பெற்றவர். மதுவும் புலாலும் தேனும் விலக்குதலை மூலகுணங்களுள் வைத்த குடிகளிற் பிறந்தும் தவறியவர் உண்டு. பிற வீடுகளில் குடி துன்பம். நம் வீடுகளில் அது துன்பமும் இழிவும் ஆகிறது. ஆகவே மறைக்கிறோம்.

நாமும் மறைத்தோம். நம் தங்கை மகன் திருமணங்களுக்கு வாராதபோது காய்ச்சல் என்றோம். கை நடுக்கத்தைக் கண்டவரிடம் நரம்புத் தளர்ச்சி என்றோம். அவன் தங்கையைப் பெண் பார்க்க வந்தவர்கள் நேரிற் கேட்டபோதும், முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வகுப்பில் வாய்மையைக் கற்பித்த இதே வாயால், "வயிற்றுப்புண்" என்றோம். இதற்கு உபகூஹனம் என்று பெயரும் இட்டுக்கொண்டோம்.

அவ்வுறுப்புக்கு எடுத்துக்காட்டாக ரத்தினகரண்டக சிராவகாசாரம் பெயர் சுட்டும் ஜினேந்திரபக்தர் செய்தது என்ன? துறவி வேடத்தில் வந்து தம் ஜினாலயத்து மணியைக் களவாடியவனை அவர் ஊரார்முன் காட்டிக் கொடுக்கவில்லை. தாமே அதனைக் கொணரச் சொன்னதாகக் கூறிக் காவலரை அனுப்பிவிட்டார். (அதுவும் பொய்தானே என்று கேட்கும் மாணவி ஒருத்தி எல்லா வகுப்பிலும் இருப்பாள்; அவளுக்கு முழு விடை நம்மிடம் இன்றும் இல்லை.) ஆனால் கதை அங்கே முடியவில்லை. தனியே அவனைக் கடிந்து, வெளியேற்றினார். நாம் முற்பாதியை மட்டுமே கைக்கொண்டோம்.

ஒருமுறை அவனை மூன்று நாள் அறையில் பூட்டி வைத்தோம். வலிப்பு வந்தது. நாளும் மிகுதியாகக் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும் சித்தக் கலக்கமும் நேரலாம், உயிரே போகலாம், மருத்துவர் மேற்பார்வையிலேயே நிறுத்த வேண்டும் என்பதை மருத்துவமனையில்தான் அறிந்தோம். அவன் வீடு திரும்பும்போது மருத்துவர் ஒரு சீட்டில் 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' கூட்டம் நடக்கும் இடத்தையும் நேரத்தையும் எழுதித் தந்தார். 1935-ல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், குடியினின்று மீள முயன்ற பங்குத் தரகர் ஒருவரும் மருத்துவர் ஒருவரும் சந்தித்ததிலிருந்து வளர்ந்த அமைப்பு அது. கட்டணம் இல்லை. குடியை விடவேண்டும் என்னும் விருப்பம் ஒன்றே தகுதி.

தேவாலயம் ஒன்றை அடுத்த பள்ளியறையில் கூட்டம். முதல் ஞாயிறு அவன் வாயில்வரை சென்று திரும்பிவிட்டான். "நம்மவர் யாரேனும் பார்த்தால், பெரியம்மா?" என்றான். குடும்பத்தாரும் வரக்கூடிய திறந்த கூட்டம் எது எனக் கேட்டறிந்து, மறுமுறை நாமும் உடன் சென்று சிறுவர் பெஞ்சில் அமர்ந்தோம். ஒருவர் எழுந்து தம் பெயரை மட்டும் சொல்லி, தாம் குடிநோயாளி என்றார். மகளின் பள்ளிக் கட்டணத்தைக் குடித்துத் தீர்த்ததையும், பணம் பேருந்தில் களவு போயிற்று என்று தம் அன்னை மருமகளிடம் சொன்னதையும் கூறினார். "அம்மா அன்று சொல்லாதிருந்தால் நான் அன்றே அகப்பட்டிருப்பேன்." நாம் தலை கவிழ்ந்தோம். அங்கே கேட்டதை வெளியிற் சொல்லலாகாது என்பது அவர்கள் முறை; அவரே இசைந்தமையால், ஊரும் பேரும் நீக்கி இதை எழுதுகிறோம்.

ஓர் ஐயம் நமக்கு இருந்தது. ஆலோசனைக்குரிய பத்துக் குற்றங்களுள் ஒன்று தத்ஸேவி: தன்னைப் போன்றே பிழை செய்தவரிடம் தன் பிழையைச் சொல்லுதல். எளிய பிராயச்சித்தம் தேடும் உள்நோக்கம் அதில் இருப்பதால் குற்றம். இக்கூட்டமோ முழுதும் அத்தகையோரால் ஆனது! ஆனால் அவன் "விருந்தில் ஒரு மிடறுதான்" என்றபோது முதலில் சிரித்தவர்கள் அவர்களே. அச்சொல்லை அவர்களும் ஒருகால் சொன்னவர்கள். நம்மை ஆறாண்டு ஏமாற்றியவனால் அவர்களை ஒரு வாரமும் ஏமாற்ற இயலவில்லை. நான்காம் மாதம் மீண்டும் குடித்தான். எண்ணிவந்த நாட்கள் யாவும் கழிந்தன. முதல் நாளிலிருந்து எண்ணச் சொன்னார்கள். துறவியர்க்குரிய பிராயச்சித்தங்களுள் மூலம் என்பதில் தீட்சையே புதிதாகத் தொடங்குவது நம் நினைவுக்கு வந்தது. எனினும் எவரும் அவனை வெளியே அனுப்பவில்லை. அவன் நாற்காலியும் தேநீரும் அப்படியே இருந்தன.

மேலான ஓர் ஆற்றலிடம் தம்மை ஒப்படைத்தல் அவர்களுடைய பன்னிரண்டு படிகளில் வருகிறது. தன் வினையைத் தானே கழிக்க வேண்டும் என்னும் நமக்கு அது இடர்தான். கடவுளை அவரவர் அறிந்தவாறு கொள்க என்றே அப்படியில் உள்ளதாம். அவன் பஞ்ச நமஸ்காரம் சொல்லிக்கொள்கிறான். பொருந்துமா என்பதைப் பண்டிதர்கள் ஆராயட்டும். ஸ்திதிகரணத்துக்கு எடுத்துக்காட்டான வாரிஷேண முனிவர், மனம் தளர்ந்த தோழருக்கு அறிவுரை சொல்லி நின்றுவிடாமல், தம் அரண்மனைக்கே அவரை உடன் அழைத்துச் சென்றார். அந்த உடன் செல்லுதலை நாம் அப்பள்ளியறையில் கண்டோம். அங்கே ஊருக்கு மறைவு உண்டு; ஒருவர்க்கொருவர் மறைவு இல்லை.

சென்ற தை மாதம், அவனிடம் கேட்டுக்கொண்டு, அவன் தங்கையின் மாமியாரைக் கண்டு, அன்று சொன்னது பொய் என்றோம். அம்மையார் நெடுநேரம் பேசவில்லை. "அன்றே சொல்லியிருக்கலாமே" என்றார். சொல்லியிருந்தால் அத்திருமணம் நடந்திருக்குமா என்று நாமும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.