விதியா? படியா?

ஆனி, ஆடித் திங்களில் கூடலூரைக் கண்டவர் அறிவர்: மழை ஓய்ந்தால் மூடுபனி, பனி கலைந்தால் மழை! பத்தடிக்கு அப்பால் நிற்பவர் யாரெனத் தெரியாது. நல்ல கண்ணுடைய நாமும் அப்போது கையால் சுவரைத் தேடுகிறோம். காலால் படியைத் துழாவுகிறோம். அரைமணி நேரம் நமக்கு நேரும் அந்த நிலை சிலருக்கு வாழ்நாள் முழுதும். கண்ணாடி அணிந்தும், மருத்துவம் செய்தும் தெளிவு மீளாத அவர்களைக் குறைபார்வையுடையோர் என்பர்.

இவ்வூர் அலுவலகமொன்றில் நாம் கண்டது இது. கொழுந்து பறித்தே முதுமையெய்திய தாய் ஒருவர், கைப்பிடிக் கம்பியைப் பற்றிப் படியிறங்கினார். கம்பி முடிந்தது. தரை வந்துவிட்டதென்று காலை வைத்தார். வரவில்லை, இன்னும் ஒரு படி இருந்தது. விழுந்தார். சூழ நின்றோர், "பாவம், விதி!" என்றனர்.

விதியா? கடைசிப் படிக்கு முன்பே கம்பியை அறுத்தது விதியா, அளவுகோல் பிடித்த மனிதனா? சாம்பல் நிறச் சுவரிலே சாம்பல் நிறக் கம்பியைப் பொருத்தியது முன்வினையா, முன்யோசனையின்மையா?

செய்ய வேண்டுவது அரியதன்று. முதற்படிக்கு முன்பும் கடைசிப் படிக்குப் பின்பும் கம்பி 300 மில்லிமீட்டர், ஏறத்தாழ ஓரடி, கிடையாக நீளவேண்டும். "படி முடிந்தது" என்று கைக்கு அறிவிப்பது அந்த ஓரடிதான். கம்பி இடையில் அறுபடாது ஓடவேண்டும். சுவரினின்று வேறுபட்ட நிறத்தில் விளங்கவேண்டும்.

"நாங்கள் கைகொடுத்து இறக்கிவிட மாட்டோமா?" என்பர் நல்லவர் சிலர். கொடுக்கும் கை நல்லதே! ஆனால், அது வரும்வரை காத்திருக்க வேண்டும். வந்தபின் நன்றி கூறவேண்டும். கம்பியோ காக்கவைக்காது, நன்றியும் கேளாது. கருணைக்கும் உரிமைக்கும் உள்ள வேறுபாடு இதுவன்றோ?

பார்வைக் குறைபாடுடைய ராஜீவ் ரதூரி தொடுத்த வழக்கில், 2024 நவம்பர் 8ஆம் நாள் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அணுகல் வசதிக்கான அளவுகள் வெறும் பரிந்துரையாக நிற்றலாகாது, கட்டாய விதிகளாக வேண்டும் என்பது அத்தீர்ப்பின் சாரம். எனினும், தீர்ப்பு தானே நடந்துவந்து கம்பியை நீட்டிவிடாது.

தோழர்களே! அளவு நாடாவுடன் புறப்படுவோம். நம்மூர்ப் பள்ளியிலும், அலுவலகத்திலும், மருத்துவமனையிலும் கம்பி எங்கே முடிகிறது, படி எங்கே முடிகிறது என்று அளந்து எழுதுவோம், பொறுப்பிலுள்ளோரிடம் நீட்டுவோம். விதியை நொந்தது போதும், படியைத் திருத்துவோம்!